பச்சைக் குளமும் பாசி உண்ணும் மீனும்

நுழையும்முன்

உணவு வயிற்றுக்குள் சென்றுவிட்டால் மட்டும் அது உடலில் சேர்ந்துவிடுமா? உண்பது ஒன்று, உண்டதைச் செரித்துத் தன்னுடையதாக்கிக்கொள்வது வேறொன்று. இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்குவது ஒரு நன்னீர் மீன். குளத்து நீரைப் பச்சையாக்கும் நீலப்பச்சைப் பாசியை அம்மீன் எவ்வாறு செரிக்கிறது? அதனை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தனர்? இப்பாடம் இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுகிறது.

1. கோயில் குளமும் பாசியும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் கார்வேட்டிநகரம் என்னும் ஊர் உள்ளது. முன்னாளில் ஒரு ஜமீனின் தலைநகராக விளங்கிய அவ்வூரில் வேணுகோபால சுவாமி கோயிலும், ஸ்கந்த புஷ்கரணி என்னும் திருக்குளமும் இருக்கின்றன. அந்த ஜமீன் ஆங்கிலேயர் காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூர் தனி மாவட்டமானது 1911ஆம் ஆண்டில்தான். ஆதலால் தெலுங்கும் தமிழும் அப்பகுதியில் அருகருகே வழங்கி வருகின்றன. தமிழர் 'பாசி' என்று கூறுவதைத் தெலுங்கர் 'பாச்சி' என்பர். இரு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்கு இச்சொல்லும் ஒரு சான்றாகும்.

பாசி என்னும் சொல் பசுமை நிறத்தின் அடியாகப் பிறந்தது. ஈரமான கற்படியில் கால் வழுக்கச் செய்வதும் பாசி. நீரில் இழை இழையாக மிதப்பதும் பாசி. குளம் முழுவதையும் பச்சைச் சாயம் கலந்ததுபோல் மாற்றிவிடுவதும் பாசி. பேச்சு வழக்கில் இவை யாவற்றுக்கும் ஒரே பெயர். அறிவியலோ இவற்றைத் தனித்தனியே பிரித்துக் காண்கிறது.

அவற்றுள் ஒரு வகை நீலப்பச்சைப் பாசி. இதனைச் சயனோபாக்டீரியா என்றும் கூறுவர். இதன் செல்லில் உட்கரு கிடையாது. அமைப்பில் இது செடியைவிடப் பாக்டீரியாவுக்கே நெருங்கியது. எனினும், செடியைப் போலவே பச்சையத்தின் துணையால் சூரிய ஒளியில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது, உயிர்வளியையும் வெளியிடுகிறது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உலகின் காற்றில் உயிர்வளி பெருகத் தொடங்கியது. அதற்குக் காரணமானவை இந்நுண்ணுயிர்களே.

கோடையில் குளத்து நீர் குறைகிறது, வெப்பம் மிகுகிறது. சோப்பு நீர், வயல் உரம், சாக்கடைக் கழிவு முதலியன கலப்பதால் நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரில் சேர்கின்றன. அப்போது நீலப்பச்சைப் பாசி விரைந்து பெருகி, நீரின் மேல் ஆடைபோல் படர்கிறது. எஸ். வி. கணபதி என்னும் ஆய்வாளர் ஆண்டு முழுவதும் இவ்வாறு பச்சையாகவே இருந்த ஒரு கோயில் குளத்தை ஆராய்ந்தார்; தம் கட்டுரையை 1940ஆம் ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அக்குளத்தில் நிறைந்திருந்தது 'மைக்ரோசிஸ்டிஸ்' என்னும் நீலப்பச்சைப் பாசி. சென்னைப் பல்கலைக்கழகப் பாசியியல் அறிஞர் டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளை வகைப்படுத்தி எழுதிய பெருநூல் 1959இல் வெளிவந்தது. தென்னாட்டுக் குளங்களின் பசுமையை அறிஞர்கள் நெடுங்காலமாகவே கூர்ந்து நோக்கி வந்துள்ளனர் என்பதை இவை காட்டுகின்றன.

2. சத்து உண்டு, எடுப்பது அரிது

நீலப்பச்சைப் பாசியில் புரதம் மிகுதி. சுருள்பாசி என்னும் வகையை உலர்த்தினால், அதன் எடையில் பாதிக்கும் மேல் புரதமாகவே இருக்கும். பச்சைக் குளத்தில் வாழும் மீனுக்கு இத்தகைய உணவு நாற்புறமும் மிதந்துகொண்டிருக்கிறது. வாயைத் திறந்தாலே போதும். இரை உள்ளே வந்துவிடும்.

ஆனால், உடைக்காத தேங்காய் யாருடைய பசியையும் தீர்ப்பதில்லை. பாசியின் சத்து முழுவதும் அதன் செல்லுக்குள் அடங்கியிருக்கிறது. செல்லைச் சுற்றி உறுதியான சுவர் உள்ளது. மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை பசைபோன்ற ஓர் உறைக்குள் கூட்டமாக வாழ்வதால், அவற்றுக்கு இரட்டைப் பாதுகாப்பு அமைகிறது. செடிகளின் செல்சுவர் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. நீலப்பச்சைப் பாசியின் செல்சுவரோ, பாக்டீரியாக்களின் சுவரைப்போல், சர்க்கரைச் சங்கிலிகளும் சிறு புரதத் துண்டுகளும் பின்னிய வலையால் ஆனது. இந்த வலை அறுபட்டாலன்றி உள்ளிருக்கும் புரதம் மீனுக்குக் கிட்டாது.

இப்பாசிகளுள் சில நச்சுத்தன்மை உடையவை. ஆஸ்திரேலியாவின் அலெக்சாந்திரினா ஏரியில் படர்ந்த பாசி நீரைக் குடித்த கால்நடைகள் இறந்ததை, ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878ஆம் ஆண்டிலேயே 'நேச்சர்' இதழில் எழுதியுள்ளார். ஆகவே, பச்சைப் பாசி ஆடையாகப் படர்ந்த நீரை மனிதர் குடித்தலும் கால்நடைகளுக்குக் காட்டுதலும் கூடாது.

3. ஓர் ஏரியில் எழுந்த ஐயம்

ஆப்பிரிக்க ஏரிகளில் திலாப்பியா என்னும் மீனினம் இயற்கையாக வாழ்கிறது. தமிழ்நாட்டுச் சந்தையில் 'ஜிலேபி மீன்' என்று விற்கப்படுவது இவ்வினமே. இம்மீன் நீலப்பச்சைப் பாசியை உண்கிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால், அதனைச் செரிக்கிறதா என்பதில் ஐயம் இருந்தது.

1951ஆம் ஆண்டு ஜி. ஆர். ஃபிஷ் என்னும் ஆய்வாளர் தம் முடிவை வெளியிட்டார். ஆங்கிலத்தில் அவர் பெயருக்கே மீன் என்றுதான் பொருள்! அவர் ஆராய்ந்த திலாப்பியா வகை, டயாட்டம் என்னும் ஓடுடைய நுண்பாசிகளைச் செரித்தது. நீலப்பச்சைப் பாசியோ சிதையாமல் குடலின் வழியே வெளியேறியது. எனவே இம்மீனுக்கு நீலப்பச்சைப் பாசியால் பயனில்லை என்று கருதப்பட்டது.

உகாண்டா நாட்டில் நிலநடுக்கோட்டின்மேல் அமைந்துள்ள ஜார்ஜ் ஏரி இக்கருத்துக்குச் சவாலாக இருந்தது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அவ்வேரியின் சராசரி ஆழம் 2.4 மீட்டர் மட்டுமே. ஆண்டு முழுவதும் அதன் நீர் நீலப்பச்சைப் பாசியால் பச்சையாகவே இருக்கும். ஆயினும், நைல் திலாப்பியா அங்கே செழித்து வாழ்ந்தது. உண்ணும் உணவு செரிக்கவில்லையென்றால் மீன்கள் எதனைக் கொண்டு வளர்ந்தன?

பன்னாட்டு உயிரியல் திட்டத்தின்கீழ் அவ்வேரியில் பணியாற்றிய டி. ஜே. டபிள்யூ. மோரியார்ட்டி இவ்வினாவை எடுத்துக்கொண்டார். அவருடைய ஆய்வு முடிவுகள் 1973ஆம் ஆண்டு வெளிவந்தன. சி. எம். மோரியார்ட்டியுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரைகளும் அவ்வாண்டிலேயே வெளியாயின.

4. இரைப்பையின் அமிலம்

மோரியார்ட்டி ஒரு வேளையில் மட்டும் மீனைப் பிடித்துப் பார்க்கவில்லை. ஒரு நாளின் வெவ்வேறு நேரங்களில் மீன்களைப் பிடித்து, அவற்றின் இரைப்பையும் குடலும் எந்நிலையில் உள்ளன என்று ஆராய்ந்தார். அதனால்தான் உண்மை வெளிப்பட்டது.

திலாப்பியா இரவில் இரை தேடுவதில்லை. அப்போது அதன் இரைப்பை வெறுமையாகிறது, அமிலமும் சுரப்பதில்லை. பொழுது விடிந்ததும் மீன் உண்ணத் தொடங்குகிறது. நீரில் மிதக்கும் நுண்பாசியைச் செவுள் பகுதியில் சுரக்கும் கோழையில் சிக்கவைத்து, உருண்டையாக்கி விழுங்குகிறது. உண்ணத் தொடங்கிய பின்னரே இரைப்பையில் அமிலம் ஊறத் தொடங்குகிறது. அமிலம் போதிய அளவு சேர்வதற்குச் சில மணி நேரம் ஆகிறது.

இதன் விளைவு வியப்பானது. விடியலில் விழுங்கிய முதல் இரை, அமிலம் ஊறுவதற்கு முன்பே குடலுக்குச் சென்றுவிடுகிறது. அது செரிக்காமல் பச்சை நிறத்துடனேயே வெளியேறுகிறது. பொழுது ஏற ஏற அமிலம் மிகுகிறது. இரைப்பையில் தங்கும் பாசி பழுப்பு நிறமடைகிறது. பழுப்பான பாசியின் செல்கள் சிதைந்திருக்கின்றன. அவை குடலை அடைந்ததும், அங்குள்ள நொதிகள் உள்ளிருந்து கசிந்த புரதத்தைச் சிறு கூறுகளாக்குகின்றன. உடலைவிடப் பல மடங்கு நீண்ட குடல் அக்கூறுகளை உறிஞ்சிக்கொள்கிறது.

அந்த அமிலத்தின் வலிமை எத்தகையது? அமிலத்தன்மையைப் பி.எச். என்னும் அளவால் குறிப்பர். தூய நீரின் பி.எச். மதிப்பு 7. எண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகும். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்காகும். எலுமிச்சைச் சாற்றின் மதிப்பு ஏறத்தாழ 2. திலாப்பியாவின் இரைப்பையிலோ அது 1.4 வரை இறங்குவதை மோரியார்ட்டி கண்டார். இது எலுமிச்சைச் சாற்றைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு புளிப்பாகும். பாசியின் சுவரைத் தகர்ப்பது இவ்வமிலமே.

செரித்த உணவின் அளவையும் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அடையாளத்துக்காகக் கதிரியக்கக் கார்பனைப் பாசியில் ஏற்றி, அதனை மீன்களுக்கு உணவாக அளித்தனர். உடலில் தங்கிய கார்பன் எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்று அளந்தனர். அமிலம் நன்கு ஊறியிருந்த நிலையில், நீலப்பச்சைப் பாசியின் கார்பனில் 70 முதல் 80 விழுக்காடு வரை மீனின் உடலில் சேர்ந்தது. காலையில் வீணாகும் இரையையும் சேர்த்து நாள் முழுவதற்கும் கணக்கிட்டால், சராசரி 43 விழுக்காடு ஆயிற்று.

காலையில் பிடித்த மீனை மட்டும் பார்ப்பவர், 'இம்மீன் பாசியைச் செரிப்பதில்லை' என்பார். மாலையில் பிடித்த மீனை மட்டும் பார்ப்பவர், 'நன்கு செரிக்கிறது' என்பார். இருவரும் கண்டது ஒரே மீனைத்தான். நாள் முழுவதும் பார்த்தவருக்கே முழு உண்மை புலப்பட்டது.

5. அடுக்களையில் ஒரு சான்று

பச்சைப் பாசி ஏன் பழுப்பாகிறது? இதற்கான விடை அடுக்களையிலேயே இருக்கிறது. சித்தூர்ப் பகுதி மக்கள் விரும்பி உண்ணும் புளிச்சகீரையைத் தெலுங்கில் 'கோங்கூரா' என்பர். பறித்தபோது பசுமையாக இருக்கும் அக்கீரை, வெந்ததும் பழுப்பு கலந்த மங்கிய நிறத்தை அடைகிறது. கீரையிலேயே உள்ள புளிப்பு அதன் பச்சையத்தைத் தாக்குவதே காரணம். பச்சையத்தின் நடுவே மெக்னீசியம் என்னும் தனிமம் உள்ளது. அமிலம் அதனை வெளியேற்றிவிடுவதால் பச்சை நிறம் மறைகிறது. சட்டியில் நிகழும் இம்மாற்றமே மீனின் இரைப்பையிலும் நிகழ்கிறது. ஆகவே, மீனின் இரை பழுப்பாக இருப்பது அமிலம் தன் வேலையைச் செய்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

6. பிற மீன்களின் வழிகள்

எல்லா மீன்களுக்கும் இவ்வமிலம் வாய்ப்பதில்லை. குளங்களில் வளர்க்கப்படும் ரோகு, கட்லா முதலிய கெண்டை இன மீன்களுக்கு இரைப்பையே கிடையாது. தொண்டையிலுள்ள பற்களால் இரையை அரைத்து, நேரே குடலுக்கு அனுப்புகின்றன. வெள்ளிக் கெண்டை நுண்பாசியை வடிகட்டி உண்பதில் வல்லது. ஆயினும், பசை உறைக்குள் இருக்கும் மைக்ரோசிஸ்டிஸ் செல்களுள் சில அதன் குடலைக் கடந்து உயிருடனேயே வெளிவருகின்றன.

மடவை மீனின் வழி வேறு. ஆந்திரமும் தமிழ்நாடும் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காடு ஏரியில் இம்மீன் மிகுதியாகக் கிடைக்கிறது. அதன் இரைப்பையின் ஒரு பகுதி கோழியின் கல்லீரைப்பை போலத் தடித்த தசையால் ஆனது. சேற்றுடன் விழுங்கிய மணல் துகள்களைக் கொண்டு நுண்பாசியை அது அரைக்கிறது.

திலாப்பியா அமிலத்தால் கரைக்கிறது. மடவை மணலால் அரைக்கிறது. கெண்டை தொண்டைப் பல்லால் நசுக்குகிறது. ஒரே வகை இரையாயினும், அதனால் ஒவ்வொரு மீனும் பெறும் பயன் வெவ்வேறு.

7. மீனை விட்டால் குளம் தெளியுமா?

'பாசியைச் செரிக்கும் மீன் இருக்கிறதே. அதனைப் பச்சைக் குளங்களில் விட்டால் நீர் தெளிந்துவிடாதா?' என்று தோன்றலாம். அவ்வாறு முடிவு செய்யுமுன் மூன்று செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மீன் உண்ட பாசி முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. பாசியிலிருந்த பாஸ்பரசின் ஒரு பகுதி மீனின் கழிவாக மீண்டும் நீரையே அடைகிறது. அது புதிய பாசிக்கு உரமாகிறது.

இரண்டாவது, பாசி பகலில் உயிர்வளியை வெளியிட்டாலும் இரவில் அதனை உட்கொள்கிறது. பாசி மிகுந்த குளத்தில் விடியற்காலையில் உயிர்வளி மிகவும் குறைந்துவிடும். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறுவதும், கூட்டமாக இறந்து மிதப்பதும் இதனால் நேர்கின்றன. பாசியை உண்ணும் மீனும் இவ்விடரிலிருந்து தப்புவதில்லை.

மூன்றாவது, ஓர் ஏரிக்குப் பொருந்திய மீன் எல்லா நீர்நிலைகளுக்கும் பொருந்தும் என்பதில்லை. நைல் திலாப்பியாவின் உறவினமான மொசாம்பிக் திலாப்பியா 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்துக் காப்பதால், அவ்வினம் விரைந்து பெருகி ஏரி குளங்களில் பரவியது. இடத்துக்கும் இரைக்கும் உள்நாட்டு மீன்களோடு போட்டியிட்டது. எனவே 1959இல், இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு அதனைப் பரப்புவதற்குத் தடை விதித்தது. இன்று திலாப்பியா வளர்ப்பு உரிமம் பெற்றோர்க்கு மட்டும் கட்டுப்பாடுகளுடன் இசைவளிக்கப்படுகிறது. விஜயவாடாவுக்கு அருகிலுள்ள மணிகொண்டாவில், இராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் மேம்படுத்தப்பட்ட நைல் திலாப்பியாவை வளர்க்கிறது.

ஆதலால், குளம் பச்சையாவதைத் தடுக்கும் முதல் வழி, குளத்துக்குள் செல்வதைக் கட்டுப்படுத்துவதே. சாக்கடை நீரைத் திருப்பிவிடுதல், படித்துறையில் சோப்பு இட்டுத் துணி துவைக்காதிருத்தல், பூவும் எண்ணெயும் நீரில் சேராமல் காத்தல், மீன்களுக்கு அளவின்றிப் பொரி இடாதிருத்தல் ஆகியன எவரும் செய்யக்கூடியவை. தூர் வாரும்போது அடியில் தேங்கிய உரச்சேறும் நீங்கும். மீன் தன் இரைப்பைக்கு இயன்றதைச் செய்கிறது. எஞ்சிய பொறுப்பு குளக்கரையில் வாழும் மக்களுடையது.

சொல்லும் பொருளும்

இரைப்பை – உண்ட உணவு முதலில் தங்கும் பை போன்ற உறுப்பு
செரித்தல் – உணவு சிதைந்து உடலில் சேரும் நிலையை அடைதல்
நொதி – உணவைச் சிறு கூறுகளாக்க உதவும் புரதப் பொருள்
உயிர்வளி – ஆக்சிஜன்
செவுள் – மீன் மூச்சுவிடும் உறுப்பு
பச்சையம் – இலைக்கும் பாசிக்கும் பச்சை நிறம் தரும் பொருள்
விழுக்காடு – நூற்றில் இத்தனை பங்கு என்னும் அளவு
தூர் வாருதல் – நீர்நிலையின் அடியில் படிந்த சேற்றை அகற்றுதல்

கற்பவை கற்றபின்

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. கார்வேட்டிநகரத்துத் திருக்குளத்தின் பெயர் ________.
2. திலாப்பியாவின் இரைப்பையில் பி.எச். மதிப்பு ________ வரை இறங்குகிறது.
3. ரோகு, கட்லா ஆகிய மீன்களுக்கு ________ கிடையாது.

ஆ) பிரித்து எழுதுக.
நன்னீர், கற்படி, இரைப்பை, திருக்குளம்

இ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. விடியலில் உண்ட பாசி பச்சையாகவே வெளியேறுவது ஏன்?
2. மடவை மீன் நுண்பாசியை எவ்வாறு அரைக்கிறது?
3. பாசி மிகுந்த குளத்தில் விடியற்காலையில் மீன்கள் திணறுவது ஏன்?

ஈ) விரிவாக விடை எழுதுக.
திலாப்பியா நீலப்பச்சைப் பாசியைச் செரிப்பதில்லை என்னும் கருத்து எவ்வாறு மாறியது? ஒரே மீனைப் பல வேளைகளில் ஆராய்வதன் தேவையை விளக்குக.

உ) செய்து பார்க்க.
வீட்டுப் பெரியவர் ஒருவரின் துணையுடன் புளிச்சகீரையையும் முருங்கைக்கீரையையும் தனித்தனிச் சட்டியில் வேகவைக்கச் செய்து, இரண்டின் நிற மாற்றத்தையும் உற்றுநோக்குக. கண்டவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.

ஊ) கலந்துரையாடுக.
நீங்கள் வாழும் ஊரிலுள்ள ஒரு நீர்நிலைக்கு எவ்வெவ் வழிகளில் கழிவு சேர்கிறது? அதனைத் தடுக்க மாணவர் செய்யக்கூடியவை யாவை?